கதையில் வரும் திருடன் பேச்சு

திருப்பதியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் எனக்கு நாவல் பைத்தியம் முற்றியது. ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டிருந்தது. எந்தத் தாலுகா யாருக்கு என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. ஒரு நாள் புத்தூர்ப் பக்கம் ஊர்வலம் என்று பஸ் நிற்கும், மறுநாள் திருத்தணிப் பக்கம் மறியல் என்று நிற்கும். பஸ் நின்றால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் படிப்பேன்.

புத்தகங்களை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். மொட்டைத் தலையும் சந்தனமுமாக பஸ் ஏறுகிறவர்களுக்கு லட்டு நினைவில் இருக்கும், குழந்தை நினைவில் இருக்கும், சீட்டுக்கு அடியில் வைத்த நாவல் மறந்துபோகும். கண்டக்டர்கள் அவற்றைக் கொண்டுவந்து ஆபீஸ் அலமாரியில் போடுவார்கள். கேட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. அப்படி சென்னையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்த நாவல்கள் எல்லாம் என் கையில் சேர்ந்தன. பாதிக்கு அட்டை இருக்காது. மர்ம நாவல்களில் சிலவற்றுக்குக் கடைசிப் பக்கங்களே இருக்காது. யாரோ பிரசாதம் மடிக்கக் கிழித்திருப்பார்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்த பிறகு நானே ஒரு முடிவு செய்துகொள்வேன். பின்னால் முழுப் புத்தகம் கிடைத்துப் படித்தால், நான் செய்த முடிவே மேல் என்று தோன்றியதும் உண்டு.

என்னோடு ஒரே அறையில் இருந்தவன் எங்கள் கம்பெனிக் கண்டக்டர். திருப்பதி சித்தூர் வண்டியில் அவனுக்கு வேலை. என் ஊர் நகரிக்குப் பக்கம், அவன் ஊர் திருத்தணிக்குப் பக்கம். இரண்டு பேர் வீட்டிலும் வேர்க்கடலை, கேழ்வரகு, வறண்ட கிணறு. பேச்சும் ஒன்றுதான். தெலுங்கு டிரைவர்கள் எங்கள் இருவரையும் சேர்த்தே "அரவோள்ளு" என்பார்கள், தமிழன்கள் என்று அர்த்தம். கேலியாகச் சொல்வார்கள், ஆனால் வெறுப்பாக அல்ல.

அவனுக்குப் படிக்க அவ்வளவாக வராது. கேட்கப் பிடிக்கும். மத்தியான டூட்டி இல்லாத நாளில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "எடுபா அந்த பொஸ்தகத்த" என்பான். நான் உரக்கப் படிப்பேன்.

அன்றைக்குப் படித்தது ஒரு மர்ம நாவல். மலை மேல் ஒரு பங்களா. காபித் தோட்ட முதலாளி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடக்கிறார். துப்பறிகிறவர் கோட்டுப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து இறங்குகிறார். முதலாளியின் தம்பி, மருமகன், டாக்டர் எல்லோரும் அச்சடித்த மாதிரி பேசுகிறார்கள். கார் கழுவுகிற கிளீனர் ஒருவன் மட்டும், "நான் இன்னாத்த கண்டேன் சாமி, வண்டி தொடச்சிகினு இருந்தேன்" என்கிறான்.

கட்டிலில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"இவன் நம்மூரு ஆளுபா!"

"ஆமாம், அப்படித்தான் எழுதி இருக்கு."

"இவன் செஞ்சிருக்க மாட்டான் பாரு. பாவம், வண்டி தொடச்சிகினு இருந்தவன இட்டுகினு வந்து கேட்டா இன்னா நாயம் இது?"

"இன்னா நாயம் இது" என்பது அவன் வாயில் எப்போதும் வரும் சொல். பஸ் லேட்டானாலும், சாம்பாரில் உப்பு குறைந்தாலும், மழை பெய்யாவிட்டாலும் அதையே சொல்வான். கையை விரித்து, புருவத்தைத் தூக்கி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொல்வான்.

கடைசியில் கிளீனர்தான் கொன்றிருந்தான். கண்டக்டர் மறுபடியும் கட்டிலில் சாய்ந்துவிட்டான். அடுத்த நாவலிலும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு சமையற்காரன் நகையைத் திருடினான். அதற்கடுத்ததில் ஒரு ரிக்‌ஷாக்காரன் குழந்தையைக் கடத்தினான். மூவரும் எங்களைப் போலவே பேசினார்கள். ஒவ்வொரு முறையும் அவன் அந்த ஆளின் பக்கமே நின்றான். ஒவ்வொரு முறையும் தோற்றான். அவனுக்கு வருத்தம் கதை மேல்தான். எனக்கோ காது சூடாயிற்று. அதுவரை அந்த வரிகளை நானும் சிரித்துக்கொண்டே படித்திருந்தேன். அவை என் நைனா பேசுகிற பேச்சு, நான் பேசுகிற பேச்சு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மாள் கவுண்டருக்கு வந்தார். சித்தூரில் ஒரு என்ஜினீயரின் மனைவி. பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். போன வாரம் பஸ்ஸில் ஒரு தடித்த புத்தகத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். அந்தப் புத்தகம் அப்போது என் மடியிலேயே இருந்தது. ஒரு காவிரிக்கரை வீட்டைப் பற்றிய பெரிய நாவல். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள், நடுவில் சுவர் எழுப்புகிறார்கள், கிணறு யார் பக்கம் என்பதில் இரண்டு தலைமுறை அழிந்துபோகிறது. நான் முக்கால்வாசி தாண்டியிருந்தேன்.

எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"சின்ன மருமகள் கிணற்றுக் கயிற்றை அறுக்கும் இடம் வரை" என்றேன். புத்தகம் படிக்கிறவர்களிடம் புத்தகம் மாதிரிதான் பேச வேண்டும் என்று எனக்கு எப்படியோ படிந்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"நன்றாக இருக்கிறது. தண்ணீரின் வாசனை கூட வருகிறது. ஆனால் அந்த வயலில் வேலை செய்யும் பெண் நானூறு பக்கமாக வாயே திறக்கவில்லை. தலையாட்டுகிறாள், சிரிக்கிறாள், கண் கலங்குகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை."

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "நான் ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு இது தோணவே இல்லையே" என்றார். பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு மாடியில் தமிழ் படிக்கிறவர்கள் சிலர் கூடுவதாகவும், படித்த நாவல்களைப் பற்றிப் பேசுவதாகவும், நானும் வர வேண்டும் என்றும் சொன்னார். "சொந்த ஊர் எது தம்பி?" என்றும் கேட்டார். நான் திருப்பதியில்தான் வேலை என்று பதில் சொன்னேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு வாரம் தயார் செய்துகொண்டேன். அந்தக் காபித் தோட்டக் கதையைத்தான் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். "இந்நாவலின் சிறப்பு யாதெனில்" என்று தொடங்கினால் கண்டக்டர் போர்வைக்குள்ளிருந்து சிரிப்பான்.

சித்தூரில் அந்த வீடு கலெக்டர் கச்சேரி தாண்டி ஒரு வேப்ப மரச் சாலையில் இருந்தது. மாடி ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஆபீசர்கள், அவர்கள் மனைவிமார்கள், ஒரு வக்கீல், ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார். தாசில்தாருக்குத்தான் அங்கே முதல் மரியாதை. நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் எழுந்து பேசினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கதையில் உண்மையாகவே பிடித்த இடம் ஒன்று உண்டு. கிளீனர் ஜன்னல் வழியாக முதலாளியைப் பார்க்கிற இடம். அதைச் சொல்ல வந்தபோது ஆர்வத்தில் நான் புத்தகத்தை மறந்தேன், கண்ணாடியை மறந்தேன்.

"அவன் ஜன்னலாண்ட நின்னுகினு பாத்துகினே கீறான். உள்ள அந்தாளு பேச்சு மூச்சு இல்லாத கெடக்கறாரு. இவனுக்கு இன்னா பண்றதுன்னே தெரில..."

ஹால் சிரித்தது. என் வாயில் வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன். உட்கார்ந்துவிடலாம் என்று முழங்காலை மடக்கக்கூடச் செய்தேன். அதற்குள் அந்த அம்மாள் கை தட்டினார்.

"அப்படியே அந்தக் கிளீனர் வந்து நிக்கற மாதிரி இருக்கு! எங்கே கத்துண்டீங்க தம்பி?"

எல்லோரும் தட்டினார்கள். நான் நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். பிறகு, "இன்னொரு தடவை" என்று தாசில்தார் கேட்டபோது இன்னொரு தடவையும் சொன்னேன். இந்த முறை தெரிந்தே சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் எந்த நாவலைப் பற்றிப் பேசப் போனாலும், முடிவில் அது வேண்டும் என்பார்கள். எழுத்தாளர் தடயங்களை எப்படி வரிசையாக மறைத்து வைத்தார் என்று விளக்குவேன். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். பேசி முடித்ததும், "சரி, இப்போ அந்தத் திருடன் பேச்சு" என்பார்கள். நாவலில் திருடன் அப்படிப் பேசாவிட்டாலும் நான் அப்படிப் பேச வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆள் ஒருவன்தான். கையை விரித்து, புருவத்தைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, "இன்னா நாயம் இது?" என்பேன். அந்த வரிக்கு ஹாலே குலுங்கும். சின்னக் குழந்தைகள் கூட அதைச் சொல்லிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸின் கண்டக்டர் அவனேதான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு இன்னா கத சொன்ன?" என்று கேட்பான். நான் கதையைச் சொல்வேன். மற்றதைச் சொன்னதில்லை.

ஒரு கூட்டத்தில் பேச்சு எல்லைப் பிரச்சினைக்குத் திரும்பியது. அப்போது எங்கும் அதுதான் பேச்சு. வக்கீல் இந்தத் தாலுகா போக வேண்டும், அந்தத் தாலுகா வர வேண்டும் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். தாசில்தார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"நான் அந்தக் கிராமங்களில எல்லாம் ஜமாபந்திக்குப் போயிருக்கேன். அந்த ஜனங்க பேசறது தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. அதுகளை யார் எடுத்துண்டா என்ன?"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க பாஷையில ஒரு வரி சொல்லுங்க, கேப்போம்."

உங்க பாஷை என்று அவர் சொன்னது அந்தத் திருடன் வேஷத்தை. ஆனால் எனக்கு ஒரு கணம், என் ஊர் எது என்று இவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் விளையாட்டுத்தான் இருந்தது. நான் எழுந்து ஒரு வரி சொன்னேன். என்ன வரி என்று இப்போது நினைவில்லை. சிரித்தார்கள் என்பது நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் போகக் கூடாது என்று இருந்தேன். ஆனால் அந்த அம்மாள் ஒரு சிறிய நாவலை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, ஆள் நடமாட்டமில்லாத ரயில்வே குவார்ட்டர்ஸில் வருஷக்கணக்காக இருக்கிறாள். ரயில்கள் நிற்காமல் போகின்றன. அவள் ஜன்னல்களில் தெரிகிற முகங்களுக்குப் பெயர் வைக்கிறாள். வேறு எதுவும் நடப்பதில்லை. கொலை இல்லை, களவு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ நடந்துவிடப்போகிறது என்று பயந்துகொண்டே படித்தேன். மர்ம நாவல்களில் இல்லாத பயம் அது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அதற்காகவே போனேன்.

அன்று நன்றாகப் பேசினேன். நான் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான். அம்மாளின் கண் கலங்கியிருந்தது. பேச்சு முடிந்ததும் வழக்கம்போலக் கேட்டார்கள். "இந்தக் கதையில் திருடன் இல்லையே" என்றேன். "இருந்தா என்ன சொல்லுவான்?" என்றார் வக்கீல். வேண்டாம் என்று மறுத்துக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. கீழே தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. அது எங்கள் பஸ் என்று எனக்கு உறைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய வண்டியை எனக்காக இந்தத் தெருவுக்குத் திருப்பி நிறுத்தச் சொல்லியிருக்கிறான் கண்டக்டர்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வாசலில் வந்து நின்றான். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, காதில் பென்சில், நெற்றியில் வேர்வை. அத்தனை பேரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருந்தே என்னைப் பார்த்துச் சொன்னான்:

"இன்னாபா, எம்மா நேரமா டிரைவரு ஆரன் அடிச்சிகினே கீறாரு, நீ இங்க சொம்மா குந்திகினு கீற. இன்னா நாயம் இது?"

கையை விரித்தான். புருவம் மேலே போயிற்று. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது.

அந்தச் சிரிப்பு நான் இன்றைக்கும் கேட்க விரும்பாத ஒன்று. ஹாலே வெடித்தது. கை தட்டினார்கள். யாரோ "பிரமாதம்!" என்றார்கள். தாசில்தார் தொடையில் அடித்துக்கொண்டார். அம்மாள் கண்ணைத் துடைத்தபடி, "இவரையும் கூட்டிண்டு வந்திருக்கீங்களா? சொல்லவே இல்லையே! வேஷம்கூடப் போட்டுண்டு..." என்றார்.

அவன் முதலில் தானும் சிரித்தான். எதற்கென்று தெரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று. பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பொத்தான் ஏதாவது திறந்திருக்கிறதா என்று தடவினான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

நான் எழுந்தேன். "வேஷம் இல்லீங்க" என்றேன். "இவன் கண்டக்டர். பஸ்ஸுக்குக் கூப்பிட வந்திருக்கான். நாங்க ரெண்டு பேரும் இப்டித்தான் பேசுவோம். எங்க ஊருங்கள்ள எல்லாரும் இப்டித்தான் பேசுவாங்க."

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தாசில்தார் விசிறியைத் தேடினார். ஒரு குழந்தை மட்டும் "இன்னா நாயம் இது" என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

அம்மாள் எழுந்து வந்தார். "எங்களுக்குத் தெரியாதுப்பா, நிஜமா தெரியாது" என்று அவனிடம் சொன்னார். "உள்ளே வாங்க, காபி சாப்பிட்டுப் போங்க."

"வாணாம்மா. வண்டி நிக்குது" என்றான்.

அவன் முன்னால் படி இறங்கினான். கேட்டுக்கு வெளியே வந்ததும் நின்றான்.

"இன்னாத்துக்கு சிரிச்சாங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் வாய் தவறியது, அவர்கள் தட்டியது, பிறகு நான் செய்தது. டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

"அப்போ அவங்களுக்கு என்னிய முன்னாடியே தெரியும்" என்றான்.

"உன்ன இல்லபா. கதையில வர்ற ஆள..."

"கையி என்னுது, வாயி என்னுது. நானு இல்லாத பின்ன ஆரு?"

பஸ்ஸில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வழக்கமாக எனக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறவன் அன்று திருப்பதி வரைக்கும் முன் படியிலேயே நின்றுகொண்டு வந்தான். பாகாலாவில் ஏறிய ஒரு கிழவர் ஏதோ கேட்டபோது அவருக்குத் தெலுங்கில் பதில் சொன்னான். தமிழில் கேட்டவருக்கும் தெலுங்கிலேயே சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அறையில் சண்டை ஒன்றும் இல்லை. காலையில் பல் விளக்குவான், டீ குடிப்பான், டூட்டிக்குப் போவான். "சாப்ட்டியா" என்று கேட்பான். ஆனால் கட்டிலில் படுத்து "எடுபா அந்த பொஸ்தகத்த" என்று சொல்வது நின்றுபோயிற்று. நானும் உரக்கப் படிப்பதை விட்டேன். வாய்க்குள் படித்தால் எந்த நாவலும் பாதி உயிர்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அம்மாள் ஒரு நாள் கவுண்டருக்கே வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும், டிக்கெட் கேட்காமல், "ஏன் தம்பி வரதே இல்லை?" என்றார். "உங்க பேச்சைக் கேக்கத்தான் நான் அந்தக் கூட்டமே வச்சேன்னு தோணறது இப்போ. கிணத்துக் கதையில அந்தப் பொண்ணு பேசவே இல்லைன்னீங்களே, அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைச் சொல்ல நினைத்தேன். என் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்ததும், "தாங்கள் தவறாக எண்ண வேண்டாம், வேலை மிகுதி" என்றுதான் வந்தது. அவர் தலையசைத்தார். அடுத்த ஆள் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

பிறகு எல்லைப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது, எங்கள் பக்கம் ஆந்திராவிலேயே இருக்கிறது என்று ஆயிற்று. அவன் ஊரில் பட்டாசு வெடித்தார்களாம். என் ஊரில் ஒன்றும் வெடிக்கவில்லை. கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்கள் அவனை "மதராசுவாடு", அதாவது மதராஸ்காரன், என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அரக்கோணத்தில் ஒரு பஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்கும் பக்கம்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், சீட்டுக்கு அடியில் கிடந்ததாக ஒரு நாவலைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டான்.

"இதுல நம்மளாட்டம் பேசறவன் எவனாச்சும் கீறானா பாரு. இருந்தா வாணாம்."

அந்த நாவலை நான் முன்பே படித்திருந்தேன். "இருக்கான். ஒரு ரிக்‌ஷாக்காரன். ஆனா அவன் திருடன் இல்ல."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"அப்ப படி."

படித்தேன். அவன் பழையபடி மல்லாந்து படுத்துக்கொண்டான். ஜமீன்தார் வீட்டு வைர மாலை காணாமல் போகிறது. ரிக்‌ஷாக்காரனைச் சந்தேகப்பட்டு, நடு ஹாலில், எல்லோர் முன்னாலும் ஜமீன்தார் கன்னத்தில் அறைகிறார். கடைசியில் மாலையை எடுத்தவர் ஜமீன்தாரின் சொந்த மைத்துனர் என்று தெரிகிறது. கைது, கண்ணீர், கல்யாணம். கதை முடிந்தது. புத்தகத்தை மூடினேன். கட்டுக்கோப்பாக எழுதப்பட்ட நாவல், தடயம் ஒன்றுகூடத் தவறவில்லை என்று நான் நினைத்திருந்த புத்தகம்.

அவன் கேட்டான்: "அந்த ரிக்‌ஷாக்காரன அறஞ்சாரே, அத்தப் பத்தி அப்பறமா ஒண்ணும் சொல்லலயா?"

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அறை வாங்கியபின் அவன் அந்தக் கதையிலேயே இல்லை.

"சொல்லல" என்றேன்.

"ம்" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நானும் இத்தனை நாள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததை விவரித்தேனே தவிர, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதும் சொல்ல வரவில்லை. மன்னித்துக்கொள் என்பது நாவலில் வருகிற சொல். எங்கள் ஊரில் ஒருவர் ஒருவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று தேடிக்கொண்டே இருந்தேன், அவன் தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பிளாட்பாரத்தில் கூட்டம். ரயில் வருகிற சத்தம் கேட்டபோது, "கோச்சிக்காதபா" என்றேன்.

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "கோவந்தான்" என்றான். "இல்லன்னா பொய்யி. கொஞ்ச நாளு இருக்கும்." பிறகு, "நவுரு, ரயிலு வந்துகினு கீது பாரு" என்று என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

ஜன்னலோரம் இடம் பிடித்த பிறகு கேட்டான்: "அந்த சித்தூரு அம்மா வூட்டுக்கு இன்னும் போறியா?"

"இல்ல."

"போ. நல்லவங்களாத்தான் தெரிது. ஆனா பொஸ்தகத்தப் பத்தி மட்டும் பேசு. நம்மளப் பத்தி வாணாம்."

போனேன். உடனே அல்ல, ஒரு வருஷம் ஆயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியைப் பற்றிய நாவலை அதுவரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டு, அறை வாங்கிய ரிக்‌ஷாக்காரனைப் பற்றி அவன் கேட்ட அந்தக் கேள்வியை ஒரு விமர்சனமாக அவரிடம் சொல்ல வேண்டும், சாதாரணமாக நான் பேசுகிற மாதிரியே சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டேன். கேட்டைத் திறந்தேன். மாடி ஜன்னல்களில் வேறு திரைகள். வாசலில் ஒரு அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்ஜினீயர் மாற்றலாகி எங்கோ போய்விட்டாராம். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எவரு காவாலண்டி?" என்று மறுபடியும் கேட்டாள். யார் வேண்டும் என்று.

"ஏமீ லேதண்டி", ஒன்றுமில்லைங்க, என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.